ஒன்பதாயிரத்துக்கு மேல் ஒரு கோடு

பிப்ரவரி 2, திங்கள்

செயலாளர் தியாகேசன் இன்று என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். எங்கள் செவிநூல் நிலையத்துக்கு ஒரு அறக்கட்டளை புதுக் கருவிகள் வாங்கித் தருகிறதாம். மைக், ஹெட்போன், விளக்கு, காமிரா என்று எது வேண்டுமானாலும் கேட்கலாம். எதைக் கேட்பது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். மார்ச் 31-க்குள் பட்டியல் போகாவிட்டால் ஒன்றும் கிடையாது. படிவத்தில் மூன்று கட்டங்கள்: பொருள், எண்ணிக்கை, தேவைக்கான காரணம். மூன்றாவது கட்டம்தான் பெரியது. அதை நிரப்பக் குறிப்புகள் வேண்டுமென்றுதான் என் மனைவி ரெஜினாவின் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இந்த டைரியை எடுத்திருக்கிறேன். சுயசரிதை எழுதும் உத்தேசம் இல்லை.

இருந்தாலும் பின்னால் யாராவது படிக்க நேர்ந்தால் தெரியட்டும். நான் சவரிநாதன், ஒலிப்பதிவாளர், வயது ஐம்பத்தெட்டு. சென்னையில் டப்பிங் தியேட்டர்களில் இருபத்திரண்டு வருடம் ஹெட்போனைக் கழற்றாமல் உழைத்தவன். ஒன்பது வருடமாகத் திருச்சி புத்தூரில் இந்த நிலையத்தில் இருக்கிறேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து அனுப்புகிறோம். ஆறடிக்கு ஐந்தடியில் இங்கே இருக்கும் பதிவறை நான் கட்டியது. கதவைச் சாத்தினால் தெருவில் ஊர்வலமே போனாலும் உள்ளே தெரியாது. பழைய டியூப்லைட் உறுமுகிறது என்று போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் ஒரு எல்.இ.டி. விளக்கையும் நானே தேடிப் பிடித்து மாட்டினேன். நிலையத்திலேயே சத்தம் போடாத ஒரே ஆள் இந்த விளக்குதான் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

பிப்ரவரி 4, புதன்

பார்வையற்றவர்களுக்கான இடத்தில் காமிரா எதற்கு என்று தியாகேசனிடம் கேட்டேன். வாசிப்பவர்களைப் படம்பிடித்துக் காட்டினால்தான் நன்கொடையாளர்கள் வருவார்களாம். அந்த இடத்தில் இன்னொரு நல்ல மைக் வாங்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பக்கத்தில் இருந்த செங்கமலம் சிரித்தாள். முப்பத்துநாலு வயது, பார்வை இல்லாதவள். முன்பு ஒரு பாங்கில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். ஐந்து மாதமாக இங்கே வேலை. வெளியே போகும் ஒவ்வொரு பதிவையும் முழுக்கக் கேட்டுப் பிழை சொல்ல வேண்டும். அவள் வருவதற்கு முன் அந்த வேலையையும் நான்தான் பார்த்தேன்.

"காமிரா இருக்கட்டும் சார். நாங்க பாக்கலன்னாலும் எங்களை மத்தவங்க பாக்கணுமே" என்றாள். 

பிப்ரவரி 9, திங்கள்

செங்கமலம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். பதிவுகளில் பின்னால் ஒரு கீச்சொலி ஓடுகிறதாம். காதுக்குள் நூலை விட்டு இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொன்னாள். உன் ஹெட்போன் சரியில்லை என்று அப்போது சொன்னேன். இன்று கரூர் மாணவன் ஒருவனும் தலைவலிக்கிறது என்று போன் செய்தானாம்.

அவள் கண் முன்னாலேயே, அதாவது அவள் பக்கத்திலேயே, ஹெட்போனை மாட்டி முழுச் சத்தத்தில் கேட்டேன். பட்டுப்போல இருக்கிறது. எங்களுக்குப் பாடம் வாசித்துத் தரும் வேதவல்லி டீச்சரின் குரல் மட்டும்தான். தியாகேசனும் டீச்சரும் கேட்டார்கள். அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. இருவரும் அறுபதைத் தாண்டிய அனுபவசாலிகள். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. சின்னப் பெண்.

இருந்தாலும் கேபிளை மாற்றினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

சோதித்துப் பார்க்கச் சென்னைக் கடைக்காரர் அனுப்பிய மைக்குகள் திரும்பிப் போய்விட்டன. கூரியர்காரர் பத்து நிமிடம் மணி அடித்தாராம், யாரும் திறக்கவில்லையாம். நான் கதவுக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குருவிக் கூவல் மணி பழுதாகி மாதக்கணக்காகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

காலையில் தண்ணீர் வரவில்லை. வாழைப்பூ நான்தான் ஆய்ந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

காய்ச்சல். தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் கூவ வேண்டிய கருவி கூவவே இல்லை. நேற்றுத்தான் வாங்கியது. அதற்கு முன் இருந்ததையும் கூவாததால் தூக்கிப் போட்டேன். இந்தக் காலத்துப் பொருள்களின் லட்சணம் இது. ரெஜினா வந்து அதை என் வாயிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொன்னாள். காய்ச்சலுக்கு அங்கே எதற்கு என்று கேட்டேன். அவள் கஞ்சி வைக்கப் போனாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கோயிலில் எழுந்தேற்றத்தின்போது எல்லோரும் குனிவதற்கான மணியை அடிக்க மறந்துவிட்டார்கள். குருவானவர் அப்பத்தை உயர்த்துகிறார், சனங்கள் குனிந்துவிட்டார்கள், நான் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கிறேன். ரெஜினா முழங்கையால் இடித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொது இடத்தில் இடிக்கிற வேலை வைத்துக்கொள்ளாதே என்று வெளியே வந்ததும் சொன்னேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். தபசு காலம் முடியும்வரை கறி இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாழைத் தோட்டத்தில் சில்வண்டுகளே இல்லாமல் போய்விட்டன. மருந்தடித்தே கொன்றுவிட்டார்கள் என்றேன். ரெஜினா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

மைக்குகள் வந்துவிட்டன. இந்தத் தடவை வாசலில் போய் நின்று வாங்கினேன். நாள் முழுக்கச் சோதனை.

முதல் மைக்: கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

இரண்டாவது மைக்: கடைக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடியது இதைத்தான். இதுவும் மொண்ணை. 'ச' என்றால் 'ச' கேட்க வேண்டாமா?

மூன்றாவது மைக்: இதுதான் மைக். பல்லும் உதடும் தெரிகிற மாதிரி பேச்சு. நேரே காதில் வந்து உட்காருகிறது. பல மாதத்துக்குப் பின் வேலை செய்த சந்தோஷம் வந்தது. கணினித் திரையில் அலையையும் கட்டத்தையும் பார்த்து மைக் வாங்குகிற இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்து படிக்க வேண்டும். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று யாராவது பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களா? நான் திரையைத் திறப்பதே இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

மூன்றாவது மைக்கில் வேதவல்லி டீச்சர் வாசித்தார். போட்டித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கான அரசியலமைப்புப் புத்தகம் அது. பதினான்கு மாதமாக, வாரம் இரண்டு நாள் வந்து, அறுபத்தொரு மணி நேரம் பதிவாகிவிட்டது. இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. அதை முடித்துவிட்டு ஏப்ரல் கடைசியில் மகனோடு கனடா போகிறார். தேர்வு ஜூனில். முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் இந்தப் பதிவை மட்டும் நம்பிப் படிக்கிறார்கள்.

பதிவைச் செங்கமலத்துக்குப் போட்டுக் காட்டினேன். அவள் இரண்டு நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"சார், இது குத்துது. ஒவ்வொரு 'ஸ்'ஸும் ஊசி மாதிரி. ரெண்டாவது மைக்குதான் டீச்சர் மாதிரி இருக்கு. ஆனா அந்தக் கீச்சு மூணுலயும் இருக்கு."

உன் காதுக்கு ஏதோ நோய், டாக்டரிடம் போ என்றேன். அவள் ஹெட்போன் கம்பியைச் சுருட்டி மேசையில் வைத்தாள்.  அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 3, செவ்வாய்

காமிரா சோதனை. தியாகேசன் எங்கிருந்தோ ஒன்றை இரவல் வாங்கி வந்தார். முக்காலியில் வைத்து, கூடம் முழுவதும் தெரிகிற மாதிரி அரைமணி நேரம் ஓடவிட்டோம். அவர் படிவம் பார்க்கிறார், டீச்சர் தேநீர் குடிக்கிறார், செங்கமலம் கேட்கிறாள், நான் பழைய மைக்கைத் துடைக்கிறேன்.

பிறகு தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஓர் இடம். தியாகேசன் கதவுப் பக்கம் திரும்புகிறார். அதே கணத்தில் டீச்சரும் திரும்புகிறார். கண் தெரியாத செங்கமலமும் திரும்புகிறாள். நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன். தியாகேசன் எழுந்து போய்க் கதவைத் திறந்து தபால் வாங்கி வருகிறார். அந்த மணி பழுது என்று நானல்லவா எழுதி வைத்திருந்தேன்.

நான் வேலையில் மூழ்கியிருந்தேன். வேலையில் மூழ்கினால் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த இடத்தை நாலைந்து தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். காமிரா தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

மார்ச் 5, வியாழன்

சென்னைக் கடையின் டெக்னீஷியன் போன் செய்தார். மூன்று மைக்கிலும் கீச்சு இருக்கிறது என்றால் கோளாறு மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது என்றார். கீச்சே கிடையாது, ஒரு பெண்ணின் கற்பனை என்றேன். எதற்கும் திரையில், ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் சார், அரை நிமிட வேலை என்றார். பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

காஸ் தீர்ந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

திறந்தேன்.

கீழே டீச்சரின் குரல், மேகம் மாதிரி எழுந்தும் அடங்கியும் போகிறது. மேலே, அதிர்வெண் ஒன்பதாயிரம் என்று எழுதியிருக்கும் இடத்துக்குச் சற்று மேல், ஒரு கோடு. அளவுகோல் வைத்து இழுத்தது போல, பதிவின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை. டீச்சர் மூச்சுவிட நிறுத்தும்போதும், பக்கம் புரட்டும்போதும் அது மட்டும் நிற்பதில்லை. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன். டீச்சரின் மூச்சு புயல் மாதிரி கேட்டது. கோட்டிலிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.

பதிவறைக்குள் போய் ஒவ்வொன்றாக அணைத்தேன். விளக்கை அணைத்ததும் கோடு போய்விட்டது. போட்டதும் வந்தது. அணைத்தேன், போட்டேன். சத்தமே போடாத ஆள் என்று நான் தேடிப் பிடித்த விளக்கு பதினான்கு மாதமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. அறுபத்தொரு மணி நேரமும் அதன் அடியில்தான் பதிவாகியிருக்கிறது.

கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெளிச் சத்தம் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை. வெளியே மதியம் ஒரு மணி. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பயமாக இருந்தது.

மார்ச் 7, சனி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். ரெஜினா போய்விட்டு வந்து, "இன்னைக்கு மணி அடிச்சாங்க. எல்லா வாரமும் அடிக்கிறாங்க" என்றாள். நான் பேப்பர் படித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

யோசித்துப் பார்த்தால் இது பெரிய விஷயமே இல்லை. ஒரே இடத்தில் நிற்கும் ஒலியை வடிகட்டி எடுத்துவிடலாம். அந்த ஒன்பதாயிரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, அவ்வளவுதான். விளக்கையும் மாற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பல்பு போய்விட்டது என்று சொல்லி வீட்டிலிருந்து ஒரு பழைய குண்டு பல்பைக் கொண்டுவந்து மாட்டினேன். உள்ளே வெக்கை தாங்கவில்லை என்கிறார் டீச்சர். ஏ.சி.யை வாசிக்கும்போது போட முடியாது. விசிறி மட்டை வாங்கிக் கொடுத்தேன்.

காதில் கேட்டால் நல்லது. கேட்காவிட்டாலும் என்ன, திரை இருக்கிறது. கண்ணால் பார்த்தே செய்துவிடலாம். இதை எழுதும்போது உப்பும் பூதக்கண்ணாடியும் ஞாபகத்துக்கு வந்தன.

மார்ச் 14, சனி

ஐந்து நாளாக ஒரே வேலை. கோடு சுத்தமாகப் போய்விட்டது. எங்கே மிச்சம் இருந்துவிடுமோ என்று வெட்டைக் கொஞ்சம் அகலமாகவே போட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம். அறுபத்தொரு மணி நேரமும் தயார். அசலைத் தனி டிஸ்கில் வைத்திருக்கிறேன். வாழ்நாளில் அசலை நான் அழித்ததில்லை.

மார்ச் 16, திங்கள்

செங்கமலத்திடம் கொடுத்துவிட்டு, கேபிள் கோளாறுதான், சரிசெய்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் கேட்டாள். நான் படிவத்தை நிரப்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரம் கழித்துக் கழற்றினாள்.

"கீச்சு போயிடுச்சு சார். ஆனா டீச்சரோட பல்லையும் சேத்துப் பிடுங்கிட்டீங்க" என்றாள். "'சட்டசபை' எது, 'தட்டு' எதுன்னு தெரியல. இத வெச்சு யாரும் படிக்க முடியாது."

 கூடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அவள் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க எப்பவும் எனக்கு இடது பக்கமா வந்து நின்னுதான் பேசுவீங்க. அப்பத்தான் உங்க வலது காது என் பக்கம் இருக்கும். நான் மெதுவாப் பேசினா உங்க குரல் கிட்டக்க வரும், அதாவது குனியிறீங்க. சேந்த முதல் நாளே எனக்குத் தெரியும்."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பது உறைத்தது.

அவளுக்குப் பார்வை பிறவியிலேயே போனதல்ல. பத்தொன்பது வயதில் ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கியதாம். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று இரண்டு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. படிக்கட்டுகளை எண்ணி மனப்பாடம் செய்தாள். பஸ் நம்பர் தெரியாமல் வந்த பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் குரல் கொடுக்கும் ஊரைக் கேட்டு இறங்கினாள். கடைசியில் உறையூரில் ஒரு திறந்த சாக்கடையில் விழுந்து கால் முறிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அந்த இரண்டு வருடத்தைவிடப் பார்வை இல்லாத இந்தப் பன்னிரண்டு வருடம் எவ்வளவோ மேல் என்றாள்.

"நடிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். அது என் தப்பு சார். நான் காத்துக்கிட்டிருந்த ஆறு மாசமும் பிள்ளைங்க தலைவலியோட படிச்சிருக்காங்க. நீங்க என்னை டாக்டர்கிட்ட போன்னு சொன்னீங்க. அது எனக்கு இன்னும் ஆறல."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. என் வாயில் வந்ததோ, தியாகேசனுக்குத் தெரிந்தால் என்னை வைத்துக்கொள்ள மாட்டார் என்பதுதான்.

"முப்பத்தொண்ணாம் தேதி பட்டியல் போகுது. அதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க. சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

மார்ச் 19, வியாழன்

எப்படிப் பார்த்தாலும் வழி இல்லை. சொன்னால் காது கேளாத ஒலிப்பதிவாளன். அப்படியொரு பிராணியை யார் வைத்துக்கொள்வார்கள்? சொல்லாவிட்டால் அவள் சொல்வாள், அது இன்னும் கேவலம். வேலையை விட்டுவிட்டு உடம்பு சரியில்லை என்று வீட்டில் உட்காரலாம். ஆனால் அசல் டிஸ்க்கை யார் கையில் கொடுப்பது? அளவாக வெட்டினால் அந்தப் பதிவைக் காப்பாற்றலாம். அந்த அளவு எனக்குத் தெரியாது, திரைக்கும் தெரியாது. கேட்கிற காது பக்கத்தில் இருந்து சொன்னால் என் கைக்குத் தெரியும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

டீச்சர் இன்று வெக்கையில் மயங்குகிற மாதிரி ஆகிவிட்டார். குண்டு பல்பைக் கழற்றினேன்.

மார்ச் 22, ஞாயிறு

ரெஜினாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "மூணு வருஷம் ஆச்சுங்க. என் கொலுசுச் சத்தம் கேக்குறதில்ல உங்களுக்கு. வெள்ளிக் கொலுசுல இப்ப முத்தே வைக்கிறதில்லன்னு நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு அழுதாள். நானும்தான்.

மார்ச் 24, செவ்வாய்

பிப்ரவரியில் ரெஜினா சொன்ன மருத்துவமனைக்குப் போனோம். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அறையைப் பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. கதவின் ரப்பர் சரியில்லை, மூலைகள் வெறுமையாக இருக்கின்றன. என் அறை இதைவிட எவ்வளவோ மேல்.

முதலில் கேட்டது, அமுக்கினேன். பிறகு நீளமாக ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? சீராக ஒரு இடைவெளி வைத்து, உத்தேசமாக அமுக்கிக்கொண்டே இருந்தேன். பரிசோதனை செய்த பெண் கதவைத் திறந்தாள்.

"ஐயா, நான் சத்தமே போடல. நீங்க அமுக்கிக்கிட்டிருக்கீங்க."

காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தாள். நாலாயிரம்வரை சரிவு, அதற்கு மேல் இரண்டு காதிலும் பாதாளம். வருடக்கணக்காக ஹெட்போன் மாட்டி வேலை செய்தவர்களுக்கு வரும் என்றாள். காதுக் கருவிகளின் விளக்கத் தாளைக் காட்டினாள். எது எந்த அதிர்வெண்வரை போகும், பாட்டரி எவ்வளவு நேரம் வரும், சத்தம் கூடினால் ஒலி சிதையுமா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு விசாரித்து யாரும் வாங்கியதில்லையாம். ஏப்ரல் நடுவில் வந்து சேரும். போன செவிப்புலன் முழுதாகத் திரும்பாது என்பதையும் சொன்னாள்.

மார்ச் 30, திங்கள்

செங்கமலத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தின் அசலை எடுத்தேன். திரையில் கோட்டின் மேல் வெட்டை வைத்து மெதுவாகக் குறுக்கிக்கொண்டே வந்தேன். கீச்சு இல்ல, பல்லும் இல்ல, இப்ப பல் வந்துடுச்சு, இன்னும் ஒரு மயிரிழை, நிறுத்துங்க என்றாள். நிறுத்தினேன். அந்த அளவை எல்லா அத்தியாயத்துக்கும் குறித்துக்கொண்டேன். டீச்சரின் அறுபத்தொரு மணி நேரம் பிழைத்தது.

பிறகு படிவத்தை நிரப்பினேன்.

மைக், ஒன்று. காரணம்: நான் வேண்டாம் என்ற இரண்டாவது மைக். செங்கமலம் தேர்ந்தெடுத்தது.

காமிரா, ஒன்று. காரணம்: அறையில் நடப்பதை உள்ளபடி காட்டுகிறது.

பதிவறை விளக்கு, ஒன்று. காரணம்: முன்பிருந்த விளக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் கீச்சிடுகிறது. இதைத் தேர்ந்தெடுத்த ஒலிப்பதிவாளருக்கு நாலாயிரத்துக்கு மேல் காது கேட்காது. அதனால் பதினான்கு மாதம் அவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்துச் சொன்னவரை அவர் நம்பவும் இல்லை.

கட்டம் போதவில்லை. கடைசி வரியை ஓரத்தில் எழுதினேன்.

மார்ச் 31, செவ்வாய்

தியாகேசன் என் முன்னால்தான் படித்தார். மூன்றாவது பொருளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"ஒம்பது வருஷமா உங்க காதை நம்பித்தான் நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன் சவரி" என்றார்.

அதைவிட அவர் திட்டியிருக்கலாம். கடைசியில் முடிவு இது: இனி செங்கமலத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பதிவும் வெளியே போகாது. ஒலி விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். அவளுக்குக் கீழே நான் ஆறு மாதம் இருக்கலாம், அதற்குப் பிறகு பார்க்கலாம். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சரி என்றேன்.

ஏப்ரல் 1, புதன்

பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். கடிதம் எழுதி அனுப்ப முடியாது, குரலில்தான் அனுப்ப வேண்டும் என்றாள் செங்கமலம். யார் குரலில் என்று நான் கேட்கவே இல்லை.

பதிவறைக்குள் ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வாசிப்பவரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டாவது மைக். விளக்கு இல்லாததால் எழுதி வைத்ததைப் படிக்க முடியவில்லை, மனதிலிருந்துதான் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செங்கமலம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை நிறுத்தி, குரல் சரியாக வரவில்லை என்று மறுபடி சொல்ல வைத்தாள். அவளையும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதை மட்டும் அவள் மறுபடி சொல்ல வைக்கவில்லை. கையை உயர்த்தி, சரி என்று காட்டினாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

இன்று கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். கட்டைச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. மணி யாருக்குமே இல்லாத நாள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

காலைப் பூசை. கோயிலுக்குள் நுழையும்போதே ரெஜினாவிடம் சொல்லி வைத்தேன். குருவானவர் அப்பத்தை உயர்த்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரெஜினா என் கையைத் தொட்டாள். குனிந்தேன்.